பூன் லேயில் மூன்று கறிபாப்

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் திருடினேன்.

பதறாதீர்கள். நகை இல்லை, கைபேசி இல்லை. தின்கிற சாமான்தான். ஆனாலும் திருட்டு திருட்டுதானே? அதுவும் எங்கே தெரியுமா? பூன் லேயில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் வகுப்பறையில். எதற்காக அங்கே போயிருந்தேன்? திருடன் ஒருவனிடம் அன்பு காட்டுவதைப் பற்றி மாணவர்கள் பேசுவதைக் கேட்க!

சிரிக்க வேண்டாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

அந்தப் பள்ளியின் தமிழ் மன்றத்தில் மாதம் ஒரு சிறுகதையை எடுத்துப் பேசுகிறார்கள். மன்றத்தைப் பார்த்துக்கொள்ளும் செல்வி டீச்சர் இந்த மாதம் என் கதையை எடுத்திருந்தார். "நீங்களும் வந்து உக்காந்தீங்கன்னா பிள்ளைங்க ரொம்ப சந்தோஷப்படுவாங்க மேடம்" என்று ஃபோனில் சொன்னார். பிள்ளைகளை விடுங்கள்... என் சந்தோஷத்தைக் கேளுங்கள். நான் எழுதியதை நாலு பேர் படிப்பதே அபூர்வம். பதினெட்டுப் பேர் சேர்ந்து படித்தால் கால் தரையில் நிற்குமா? புதன்கிழமையே புடவையை எடுத்து வைத்துவிட்டேன்.

கதை இதுதான். தேக்காவில் ஒரு காலணிக் கடை. ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ காணாமல் போகிறது. முதலாளி முதலில் கடையில் வேலை செய்யும் பெண்ணைச் சந்தேகப்பட்டு அவள் பையைத் துழாவுகிறார். ஒன்றும் இல்லை. பிறகு, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அந்த ஷூவோடு மாட்டிக்கொள்கிறான். போலீசைக் கூப்பிடப் போகிறார் என்று எல்லாரும் நினைக்கும்போது முதலாளி இரண்டு ஜோடி சாக்ஸை எடுத்து அவன் கையில் கொடுக்கிறார். "வெறுங்காலில் போட்டால் கடிக்கும், தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். அவ்வளவுதான். படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதும்போது நானே கலங்கினேன் — அதை வெளியில் சொல்வதில்லை.

செங்காங்கில் ரயில் ஏறினேன். செங்காங் எங்கே, பூன் லே எங்கே! தீவின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இடையில் ஒரு சின்னத் தூக்கமே போடலாம். வீட்டில் சாப்பிட நேரமில்லாமல் மூன்று தோசையைப் பொட்டலம் கட்டிப் பையில் வைத்திருந்தேன். ரயிலில் தின்றால் அபராதம்; வாயைத் திறந்து ஒரு மிட்டாய் போடுவதற்குக்கூட நம் ஊரில் தைரியம் வேண்டுமே! பொட்டலம் மடியில், பசி வயிற்றில். பூன் லே வந்து சேர்ந்தபோது எனக்குக் காது அடைத்திருந்தது.

வகுப்பறையில் ஒரே ஒரு மாணவி இருந்தாள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் ஹரிணி. உயர்நிலை மூன்று.

"வணக்கம் மேடம். உக்காருங்க. டீச்சர் ஃபோட்டோகாப்பி எடுக்கப் போயிருக்காங்க. நான் போய்த் தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன்."

போய்விட்டாள். அறையில் நானும் ஒரு பெட்டியும்தான்.

மேசைமேல் வெள்ளை அட்டைப்பெட்டி. மூடி சரியாக மூடவில்லை. உள்ளே சூடான கறிபாப். பொன்னிறம், ஓரத்தில் பின்னல், உள்ளே உருளைக்கிழங்கு... வாசனை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பையில்தான் தோசை இருக்கிறதே என்பீர்கள். முதல் தடவை போகிற பள்ளியில், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, சட்னி ஒழுக ஒழுகத் தோசை தின்னும் எழுத்தாளரைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்?

விருந்தாளிக்கு எப்படியும் ஒன்று உண்டு என்று ஒன்றை எடுத்தேன். அது எங்கே போனது என்றே தெரியவில்லை. இரண்டாவது, முதலாவதைத் தேடிக்கொண்டு போனது. மூன்றாவதற்கு என்னிடம் காரணமே இல்லை. வாயைத் துடைத்தேன். மூடியை அழுத்தி மூடினேன். பெட்டியைக் கொஞ்சம் தள்ளியும் வைத்தேன்.

ஏன் தள்ளி வைத்தேன்? அங்கேதான் பசி முடிந்து திருட்டு ஆரம்பிக்கிறது.

பிள்ளைகள் வந்தார்கள். பேச்சு ஆரம்பித்தது. அடேயப்பா... என்ன பேச்சு! முதலில் எழுந்தவள் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததை அப்படியே ஒப்பித்தாள். "இக்கதையின் வாயிலாக நாம் அறியும் படிப்பினை யாதெனில்..." நான் நெளிந்தேன். செல்வி டீச்சரும் நெளிந்தார். அதற்குப் பிறகு வந்தவர்கள் சொந்த வாயால் பேசினார்கள்.

இர்ஃபான் என்று ஒரு பையன். வருங்காலத்தில் வழக்கறிஞராக வரவில்லையென்றால் நாட்டுக்கு நஷ்டம். "மேடம், எனக்கு ஒரு டவுட். ஷூ கடையில ஒரு கால் ஷூவைத்தானே வெளிய வைப்பாங்க? இன்னொன்னு ஸ்டோர்ல இருக்கும். அவன் எப்படி மேடம் ஜோடியா எடுத்தான்?"

வகுப்பே கைதட்டியது. கதை வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஒருத்தராவது கேட்டார்களா? கண் கலங்கியவர்கள் யாரும் ஷூ கடைக்குப் போனதில்லை போலும்!

"கெட்டிக்காரப் பையன்" என்றேன். இர்ஃபானைச் சொன்னேனா, திருடனைச் சொன்னேனா என்று புரியாதபடி சொன்னேன்.

இர்ஃபான் அதோடு விடவில்லை. கதைக்காகவே வாதாடினான். "லாஜிக்க விடுங்க. அந்தப் பையன் நிலைமையில நம்ம இருந்தா? ஒரு தப்பு செஞ்சவன உடனே திருடன்னு முத்திரை குத்தலாமா? முதல்ல அவன் பக்கம் என்னன்னு கேக்கணும் லா!" நான் உருகிப்போனேன். நான் எழுதியதைவிட அவன் பேசியது நன்றாக இருந்தது.

அப்புறம் செல்வி டீச்சர், "சரி, சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார். இர்ஃபான்தான் பெட்டியைத் திறந்தான். திறந்தவன் விரலால் எண்ணினான்.

"டீச்சர், எத்தன ஆர்டர் பண்ணீங்க?"

"இருபது. உங்க பதினெட்டுப் பேருக்கு, எனக்கு, மேடத்துக்கு."

"பதினேழுதான் இருக்கு."

அன்பு, கருணை, அவன் பக்கம் என்னன்னு கேக்கணும்... எல்லாம் எங்கே போனது? கண் மூடித் திறப்பதற்குள் தமிழ் மன்றம் போலீஸ் நிலையமாகிவிட்டது. ஒருத்தன் மேசைக்கு அடியில் குனிந்து துகள் தேடினான். ஒருத்தி, "யாரும் கை கழுவப் போகாதீங்க, மோந்து பாக்கணும்" என்றாள். ஒரே சிரிப்பு, கூச்சல். நான் என் வலது கையைப் புடவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். 'நான்தான்பா' என்று ஒரு வார்த்தை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம்... மூன்றை எப்படிச் சொல்வது? பாராட்டெல்லாம் இப்போதுதானே வாங்கினேன்? கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. "முதல்ல ரூமுக்கு வந்தது யாரு?" என்றான் இர்ஃபான்.

எல்லாத் தலையும் ஹரிணி பக்கம் திரும்பியது.

"நான் நாற்காலி போட்டேன். பெட்டியத் தொடவே இல்ல" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

"அடுத்த புதன்கிழமை எலக்‌ஷன்ல நிக்கிற ஆளு! இப்பவே கறிபாப்ல கைவச்சா, நாளைக்கு மன்றத்தையே முழுங்கிடுவா" என்றது ஒரு குரல். புதன்கிழமை மன்றத் தலைவர் தேர்தலாம். ஹரிணி நிற்கிறாளாம். எனக்கு அப்போதுதான் தெரியும்.

"என் ஓட்டு வாபஸ்!" என்றது இன்னொரு குரல். வகுப்பு குலுங்கியது. விளையாட்டுத்தான். யாரும் நிஜமாகச் சொல்லவில்லை. ஆனால் ஹரிணியின் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பள்ளிப் பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். ஸிப்பைத் திறந்தாள்.

"பாத்துக்குங்க" என்றாள்.

அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். முந்தானையிலிருந்து கையை எடுத்தேன்.

"பையை மூடும்மா. நான்தான் தின்னேன். மூணும் நான்தான்."

பிறகு... கூரை பறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மேசையைத் தட்டினார்கள். "மேடம் செம!" என்றார்கள். "கதையில திருடனுக்குப் பன்னிரண்டு வயசு, உங்களுக்கு என்ன மேடம் வயசு?" என்றான் இர்ஃபான். செல்வி டீச்சருக்குச் சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்துவிட்டது. "பசிச்சா சொல்லியிருக்கலாமே மேடம், இந்தாங்க, இன்னொண்ணு எடுத்துக்குங்க!" என்று பெட்டியையே நீட்டினார்கள். எவ்வளவு நல்ல பிள்ளைகள்! நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மன்னிப்பு இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நான்காவதையும் தின்றிருப்பேன்.

ஹரிணி மட்டும் சிரிக்கவில்லை. ஸிப்பை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாரும் மேடத்த மன்னிச்சிட்டீங்க. ஓகே. ரொம்ப ஃபாஸ்ட்டா மன்னிச்சிட்டீங்க. எங்கிட்ட யாராச்சும் சாரி சொன்னீங்களா?"

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கதையிலயும் இப்படித்தான். ஷூ எடுத்த பையனுக்கு சாக்ஸ் கெடச்சுது. பையைத் துழாவுனாங்களே, அந்த அக்காவுக்கு என்ன கெடச்சுது? முதலாளி அவங்க பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. அவங்களுக்கு ஒரு பேர்கூட இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். 'கடையில் வேலை செய்யும் பெண்' — அவ்வளவுதான் அவள். இரண்டு வரியில் பையைத் துழாவவிட்டு, மூன்றாவது வரியில் அவளை மறந்துவிட்டேன். கண்ணீரெல்லாம் பையனுக்கே போய்விட்டது. இத்தனை வருஷமாக என்னை இரக்கமுள்ள எழுத்தாளர் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்!

வெட்கமாக இருந்தது. தின்றதற்கு அல்ல. தின்றது நான் என்று தெரிந்தும், ஒரு பெண் பிள்ளை தன் பையைத் தானே திறந்து காட்டும்வரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கு.

"மன்னிச்சிடு ஹரிணி. அப்பவே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்றேன்.

அடுத்து இர்ஃபான் எழுந்தான். வழக்கறிஞர் வாதாடவில்லை. "சாரி ஹரிணி. நான்தான் ஸ்டார்ட் பண்ணேன்." அவனுக்குப் பின்னால் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தன். ஓட்டை வாபஸ் வாங்கியவன் திருப்பிக் கொடுத்தான். ஒவ்வொருத்தராக வந்து கைகுலுக்க ஆரம்பித்தார்கள்.

"போதும் லா! கல்யாண ரிசப்ஷன் மாதிரி வரிசையில நிக்கிறீங்க!" என்று ஹரிணி சிரித்தாள் பாருங்கள்... அந்தச் சிரிப்புக்காக செங்காங்கிலிருந்து இன்னொரு தடவை வரலாம்.

நஷ்டஈடாக என் தோசைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தேன். ஆறிப்போன மூன்று தோசை. பிய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். சட்னி நன்றாக இருந்ததாக ஒரே பேச்சு.

விஷயம் அதோடு முடியவில்லை. "நாங்க தப்புப் பண்ணா ரிஃப்ளெக்‌ஷன் எழுதணும். என்ன செஞ்சேன், யாரு பாதிக்கப்பட்டாங்க, இனிமே என்ன செய்வேன்னு. மேடம் எழுத வேணாமா?" என்று ஒருத்தி கேட்டாள். செல்வி டீச்சர் பதறினார். "மேடம் விருந்தாளிம்மா!"

"ஹரிணியே சொல்லட்டும்" என்றேன்.

அவள் யோசித்தாள். "எழுதுங்க மேடம். நீங்க பத்திரிகையில எழுதுற பத்தியிலயே எழுதுங்க. ஆனா மூணு கண்டிஷன். காரணம் சொல்லக் கூடாது. என் பேரப் போடணும். புதன்கிழமைக்கு முன்னாடி வரணும்."

"பேர் எதுக்கும்மா? பேர் இல்லாமலே எழுதுறேனே..."

"பேர் இல்லாம எழுதுனா அந்த அக்கா மாதிரி ஆயிடும் மேடம்."

முதல் நிபந்தனையை நான் காப்பாற்றவில்லை. ரயில், பசி, பட்டுப்புடவை என்று மேலே கதை அளந்திருக்கிறேன். அதற்கு இன்னொரு ரிஃப்ளெக்‌ஷன் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். யார் பாதிக்கப்பட்டார்? ஹரிணி. இனிமேல் என்ன செய்வேன்? கடைப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கப் போகிறேன். முதலாளி அவளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு பக்கமாவது ஒதுக்கப் போகிறேன். பையனுக்கு சாக்ஸ் அப்புறம்.

ஒன்றை மட்டும் நான் அங்கே யாரிடமும் சொல்லவில்லை. செல்வி டீச்சர் தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். நானும் இன்னொன்றைத் தொடவில்லை. பெட்டியை எடுத்து எல்லாருக்கும் பரிமாறியது ஹரிணிதான். வட்டத்தைச் சுற்றி வந்து தன் நாற்காலிக்கு வந்தபோது பெட்டி காலி. அதை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். பேச்சு சுவாரசியத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஆகவே, புதன்கிழமை ஓட்டுப் போடப் போகிறவர்களே... அன்று அந்த அறையில் ஒரு கறிபாப்கூடச் சாப்பிடாத ஒரே மாணவி ஹரிணிதான்.