மூன்றடுக்கு ஃபில்டர்

அப்பா பங்களா வேலைக்குச் சேர்ந்தபோது அவருடைய இரண்டு பாதங்களிலும் சேர்த்துப் பதினொரு வெடிப்புகள் இருந்தன. நான் எண்ணியிருக்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் பன்னிரண்டு வருடம் உப்பு வாரியதில் வந்தவை. இனி உப்புத் தண்ணீரில் நின்றால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த கோடை அது. கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு சென்னைக்காரருக்குப் பங்களா இருந்தது. தோட்டத்தையும் சாவியையும் பார்த்துக்கொள்ள அவருக்கு ஆள் தேவைப்பட்டது. அப்பாவிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“கெணத்துத் தண்ணி எப்டிப்பா இருக்கு? தோட்டத்துல மீன் தொட்டி ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன்.”

“ரெண்டு வாட்டி எறச்சாச்சு சார். இப்ப நல்ல தண்ணிதான்.”

அந்தக் கிணற்றுக்குள் கடல் நுழைந்ததும், எத்தனை முறை இறைத்தும் உப்பு போகாததும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சென்னைக்காரருக்குத் தெரியாது. அவர் குடிக்கத் தண்ணீரைக் கேனில் கொண்டுவருவார். வந்தாலும் காலையில் வந்து மாலையில் போய்விடுவார்.

முழங்கால் ஆழத்தில் தொட்டி கட்டி, உட்புறம் நீல ஓடு பதித்து, இருபது ஆரஞ்சு மீன்களை விட்டார்கள். வெயில் தினமும் ஒரு விரல்கடை தண்ணீரைக் குடித்தது. அப்பா மோட்டார் போட்டுக் கிணற்றிலிருந்து நிரப்பினார். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஊரே அதில்தான் பிழைக்கிறது. ஒன்பது வயதில் எனக்கும் தெரியும். ஆனால் நீல ஓடு பதித்த தொட்டியை உப்புப் பாத்தி என்று நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது வாரம் மூன்று மீன்கள் மிதந்தன. மற்றவை மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரும் லேசாகப் பச்சை பூத்திருந்தது. சென்னைக்காரர் அந்தப் பச்சையைத்தான் பார்த்தார்.

“ஃபில்டர் இல்லாம வெச்சா இப்டித்தான். பாண்டிக்குப் போயி நீயே நல்லதாப் பாத்து வாங்கிட்டு வா. எனக்கு மீனு சாவக் கூடாது.”

பள்ளி விடுமுறை என்பதால் நானும் பஸ் ஏறினேன். கடைக்காரர் மூன்று ஃபில்டர்களை எடுத்து வைத்தார். ஒன்று தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் பஞ்சு உருளை. இன்னொன்றுக்குள் ஊதா விளக்கு எரிந்தது. மூன்றாவது, தொட்டிக்கு வெளியே நிற்கும் பெரிய பெட்டி. உள்ளே கூழாங்கல், கரி, பஞ்சு என்று மூன்று அடுக்கு. அப்பா ஒவ்வொன்றையும் திறக்கச் சொன்னார். பஞ்சைப் பிழிந்தார். கரியை முகர்ந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இதுல எது உப்ப எடுக்கும்?”

“உப்பா? எந்த ஊருப்பா நீ?”

“மரக்காணம்.”

“அப்ப நீதான்பா எடுக்கணும், எங்கிட்ட வந்து கேக்குற!” கடைக்காரர் கல்லாவைத் தட்டிச் சிரித்தார். பிறகு இரக்கப்பட்டவர்போல, “ஃபில்டரு அழுக்கத்தான் எடுக்கும். கரைஞ்சது கரைஞ்சதுதான்” என்றார்.

அப்பா கரியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். “பெருசாத் தெரியுறது எது?” என்று கேட்டு, மூன்றடுக்குப் பெட்டியை வாங்கினார். திரும்பும்போது அதை மடியிலேயே வைத்திருந்தார். கண்டக்டர் கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் சைக்கிளில் நான்கு கேன்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். பிரம்மதேசம் போகிற சாலையில் ஒரு பம்புசெட் உண்டு. அங்கே தண்ணீர் இனிக்கும். தொட்டியிலிருந்து பன்னிரண்டு கேன் எடுத்துக் கொட்டிவிட்டு, அங்கிருந்து பன்னிரண்டு கேன் கொண்டுவந்து ஊற்றுவார். மூன்று நடை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு, தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவார். பெட்டியும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பச்சை போயிற்று. மீன்கள் மூலையை விட்டு வெளியே வந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னைக்காரர் இரண்டு நண்பர்களோடு வந்தார். தண்ணீருக்கு அடியில் ஓட்டின் கோடுகூடத் தெரிந்தது.

“கண்ணாடி மாதிரி இருக்குது பாரு. எல்லாம் இந்த ஃபில்டரு பண்ற வேலை” என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்தார். நண்பர் ஒருவர் பெட்டியைப் போட்டோ எடுத்தார். அப்பா குழாயைக் கையில் பிடித்தபடி செம்பருத்திக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஃபில்டரு ஒண்ணும் இல்ல சார். எங்கப்பாதான் டெய்லி பன்னெண்டு கேன் தண்ணி சைக்கிள்ல கொண்டாந்து ஊத்துறாரு.”

“எதுக்கு பாப்பா? கெணறுதான் இருக்குதே?”

“அது உப்பு சார். கடலு வந்ததுலேருந்தே உப்பு.”

“யோவ், மனுசனுக்குக் கேன் தண்ணி, உன் மீனுக்குப் பம்புசெட்டா!” என்று நண்பர் சிரித்தார். சென்னைக்காரர் சிரிக்கவில்லை. அப்பா கையிலிருந்த குழாயை வாங்கி, கிணற்றுத் தண்ணீரில் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார்.

“சொல்லியிருந்தா லாரித் தண்ணி வாங்கி ஊத்தியிருப்பேனேப்பா. மொத நாளே பொய் சொன்ன ஆளுகிட்ட எப்டி வூட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போறது?”

அவர் கத்தாததால் அது கோபம் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். சைக்கிளில் கட்டிய நான்கு கேன்களும் காலியாக இருந்ததால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

“ஏம்பா வேலைக்கு வர வேணாம்னுட்டாரு?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“ஃபில்டரு சரியில்லையாம்மா” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அடுத்த வாரம் அப்பா உப்பளத்தில் இறங்கினார். முதல் நாள் வேலை முடிந்து வந்த சாயங்காலம் அம்மா அவர் பாதங்களை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பாண்டிக் கடைக்காரன் நம்மை ஏமாற்றிவிட்டான் என்று நான் அவளிடம் கோபமாகச் சொன்னேன். அம்மா தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

“ஆமாம்மா, அவன்தான்” என்றாள்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. சோறு கேட்டேன்.