உருகிய சீஸும் ஒரு செட் பல்லும்

பல்லுக்காரருக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது, வாய்தான் நிற்கும். எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் மீசையை மழித்துவிட்டு வந்தபோது தெருவே அவரை யாரோ என்று பார்த்தது. இவர் மட்டும், "என்ன சார், கீழ்க்கடைவாய் ஒண்ணு போயிடுச்சு போலிருக்கே?" என்று விசாரித்தார். மீசை போனது அவர் கண்ணில் படவே இல்லை.

முப்பத்தொரு வருஷமாகப் பல் செட் செய்கிறவர். டாக்டர் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். நான்கைந்து டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து, ஒரு சீட்டில் நோயாளியின் எண்ணும் பல்லின் நிறமும் எழுதி, பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். இரண்டாம் மாடியில் ஒரே அறைதான் பட்டறை. அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து, அச்சில் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, செட் தயாரானதும் மோட்டாரில் தேய்த்துப் பளபளப்பாக்கி, அதே பெட்டியில் திருப்பி அனுப்புவார். அதோடு சரி. அந்தப் பல் எந்த வாய்க்குப் போனது, எதைக் கடித்தது, ஒரு விவரமும் திரும்பி வராது. "உங்க கை ராசியான கை" என்று டாக்டரைத்தான் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

தான் செய்த பல் ஒரு வாயில் இருந்து சாப்பிடுவதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், அந்த வாய் தன்னிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். மனுஷனுக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் சிரித்தே கொன்றுவிடுவாள்.

பல் மாவு விற்கும் கம்பெனி வருஷாவருஷம் குலுக்கல் நடத்தும். முதல் பரிசு பாலிஷ் மெஷின். இவருக்கு விழுந்ததோ இரண்டாம் பரிசு: இருவருக்கு நான்கு நாள் சொகுசுக் கப்பல் பயணம், அதில் ஒரு மாலை கப்பலின் விசேஷ உணவகத்தில் விருந்து. "மெஷின் விழுந்திருக்கக் கூடாதா" என்று மூன்று நாள் மூக்கால் அழுதார். மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். அவள் அன்றைக்கே லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிபந்தனை போட்டாள்.

"இங்க பாருங்க. கப்பல்ல யார் வாயையும் உத்துப் பார்க்கக் கூடாது. பல்லுங்கற வார்த்தையே வரக் கூடாது. என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளையோட அம்மாகிட்ட என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

"நல்லதுக்குத்தானே கேட்டேன். அந்தம்மாவுக்கு மேல் செட்டு லூஸா இருந்துச்சு."

"அதை மேடையில வெச்சா கேட்பாங்க?"

ஆகவே முதல் இரண்டு நாளும் பாவம், எல்லோருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு நடந்தார். மூன்றாம் நாள் மாலை, வெயில் சாயும் நேரத்தில், அந்த விசேஷ உணவகத்துக்குப் போனார்கள். அங்கே தரும் சாப்பாட்டுக்கு ஃபாண்டூ என்று பெயர். மொத்தமே ஒன்பது மேஜை. ஒவ்வொன்றின் நடுவிலும் சின்ன அடுப்பு, அதன்மேல் ஒரு சட்டி, சட்டி நிறைய உருகிய சீஸ் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ரொட்டித் துண்டுகள், ஆளுக்கொரு நீளமான முள்கரண்டி.

"இவ்ளோ பெரிய கப்பல்ல சமைக்க ஆளில்லையா? நம்மளையே அடுப்புகிட்ட உட்கார வெச்சுட்டாங்க" என்றாள் மனைவி.

மேஜைக்கு நான்கு பேர் என்பதால் எதிரே இன்னொரு தம்பதியை உட்கார வைத்தார்கள். அவர் ரிட்டையரான சர்வேயர். அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும், நீலச் சால்வை போர்த்தியிருந்தாள். பரிமாறும் பையன் பாடம் சொன்னான்: ரொட்டியை முள்கரண்டியில் குத்தி, சட்டியில் முக்கி, சுழற்றி எடுத்துச் சாப்பிட வேண்டும். ரொட்டியைச் சட்டிக்குள் தவறவிட்டவருக்கு மேஜையில் இருக்கும் மற்றவர்கள் ஒரு தண்டனை கொடுக்கலாம். அதுதான் இங்கே விளையாட்டு.

"எங்களுக்குக் கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது" என்றார் சர்வேயர், யாரும் கேட்காமலேயே. "ரெண்டு பேருக்குமே ரெண்டாவது. நூலகத்துல இவங்க சிரிச்சதைப் பார்த்தேன், அவ்வளவுதான், விழுந்துட்டேன். அறுபது வயசுல சொந்தப் பல்லு, பாருங்க எப்படி இருக்கு! சிரிம்மா, சிரி."

அம்மாள் வெட்கத்தோடு சிரித்தாள். பல்லுக்காரர் மூன்று நாள் விரதத்தை மறந்து நிமிர்ந்து பார்த்தார்.

மேல் வரிசையில், இடப்பக்கம் இரண்டாவது பல் ஒரு இழை திரும்பியிருந்தது. அவர் வைத்த கோணல் அது. வரிசை சுத்தமாக இருந்தால் பொய்ப்பல் என்று ஊரே சொல்லிவிடும், அதனால் ஒரு பல்லைச் சற்றே திருப்பி நடுவது அவர் கைவழக்கம். இந்தச் செட்டை மறக்கவே முடியாது. கோணல் போதவில்லை, இன்னும் கொஞ்சம் திருப்பு என்று மூன்று தடவை திரும்பி வந்தது. "கோணலுக்குச் சண்டை போடற பொம்பளை யாருடா அது?" என்று ஒரு மாதம் திட்டித் தீர்த்திருந்தார். அந்தப் பொம்பளை இதோ எதிரே உட்கார்ந்து ரொட்டியைக் குத்திக்கொண்டிருக்கிறாள்!

நான்தான் செய்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. சொன்னால் பக்கத்தில் இருக்கும் சர்வேயரின் சொந்தப் பல் கனவு என்ன ஆகும்? நாலு மாதக் கல்யாணம். தேள் கொட்டிய திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். மனைவிக்கு இவர் முழியே விஷயத்தைச் சொல்லிவிட்டது. மேஜைக்கடியில் காலை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

அந்த நேரம் பார்த்து அம்மாள் மொறுமொறுவென்றிருந்த ஒரு ரொட்டியை முன்பல்லுக்குக் கொண்டு போனாள்.

"முன்னாடி கடிக்காதீங்க!"

ஒன்பது மேஜையும் திரும்பிப் பார்த்தது. பல் செட் போட்டவர்களுக்குச் சொல்லும் முதல் புத்தி இது. முன்னால் கடித்தால் பின்னால் கழன்றுவிடும். முப்பத்தொரு வருஷத் தொழில், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏன், கடிச்சா என்ன?" என்றார் சர்வேயர்.

"அது வந்து... ஃபாண்டூவுக்கு அது முறை இல்லைங்க." பல்லுக்காரருக்கு வியர்த்தது. ஆரம்பித்தாயிற்று, இனி பின்வாங்க முடியுமா? "ரொட்டியைச் சின்னதாப் பிச்சுக்கணும். ரெண்டு பக்கமும் சமமா வெச்சு மெதுவா மெல்லணும். நடுநடுவுல ஒரு வாய் தண்ணி. அப்பதான் சீஸோட ருசி இறங்கும். பெரிய பெரிய இடத்துல எல்லாம் அப்படித்தான்."

"பார்த்தியா, விஷயம் தெரிஞ்சவங்களோட உட்கார்ந்தா இதான் லாபம்!" என்று சர்வேயர் உடனே இரண்டு கன்னத்திலும் ரொட்டியை அடக்கிக்கொண்டார். பக்கத்து மேஜைக்காரர்கள் காதில் விழுந்தது. அவர்களும் பிய்க்க ஆரம்பித்தார்கள். ஐந்து நிமிடத்தில் உணவகம் முழுக்க உப்பிய கன்னங்களோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பரிமாறும் பையன் சற்று நேரம் வாய் பிளந்து நின்றுவிட்டு, பிறகு தனக்கும் இது முன்பே தெரியும் என்பது போலத் தலையாட்டினான்.

நீலச் சால்வை அம்மாள் மட்டும் பல்லுக்காரரையே குறுகுறுவென்று பார்த்தாள். அவரும் அவள் வாயைத்தான் பார்த்தார். அப்போதுதான் கவனித்தார். அவள் இடது கன்னம் அசையவே இல்லை. வலப்பக்கம் ஒதுக்கி, பாதி மென்று, மீதியைத் தண்ணீர் விட்டு விழுங்கினாள். ஏன் அப்படி? செட் நல்ல செட்டாயிற்றே! அந்த யோசனையில் கை தளர்ந்து, அவருடைய ரொட்டி சட்டிக்குள் விழுந்து முழுகிப் போனது.

"தண்டனை, தண்டனை!" என்று குதித்தார் சர்வேயர்.

"நான் சொல்றேன்" என்றாள் அம்மாள். "சூரியன் இறங்குது. இவர் என்னை வெளியே கூட்டிட்டுப் போய் அதைக் காட்டணும். பத்து நிமிஷம்."

சர்வேயர் விழுந்து விழுந்து சிரித்தார். பல்லுக்காரரின் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "நானும் வர்றேன், நானும் சூரியனைப் பார்த்து ரொம்ப நாளாச்சு" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள்.

கதவைத் தாண்டியதும் அம்மாள் நின்றாள். "நீங்க பல் டாக்டர்தானே?"

"இல்லம்மா. டாக்டருக்குச் செஞ்சு குடுக்கறவன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீங்க போட்டிருக்கிறது நான் செஞ்சதுதான்."

சொல்லிவிட்டு மாலைக்குக் கழுத்தை நீட்டுகிறவர் மாதிரி நின்றார். முப்பத்தொரு வருஷம் காத்திருந்த வார்த்தை இதோ வரப்போகிறது.

"ரொம்ப வலிக்குதுங்க" என்றாள் அம்மாள்.

மனுஷனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஏழெட்டு மாசமா இடது பக்கம் மெல்லவே இல்ல. கல்யாணத்தன்னிக்கே சூப்தான் குடிச்சேன். மூணு தடவை திருப்பி அனுப்பினவ, மறுபடி எந்த முகத்தோட டாக்டர்கிட்ட போறது? அதோட எங்க போனாலும் இவர் கூடவே வந்துடறார். எப்படிச் சொல்லுவேன்?" அவள் கண் கலங்கிவிட்டது.

பல்லுக்காரருக்கு எல்லாம் விளங்கியது. மூன்றாம் தடவை திரும்பி வந்த கோபத்தில், முன்பக்கக் கோணலை மட்டும் கேட்டபடி திருப்பிவிட்டு, பின்பக்க ஓரத்தைச் சரியாகத் தேய்க்காமல் பெட்டியில் எறிந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஓரம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று. அந்த ஓரம் ஒருத்தியின் ஈற்றில் ஏழெட்டு மாதமாகக் குத்திக்கொண்டிருந்திருக்கிறது.

"தப்பு என்னோடதுதாம்மா" என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "உன் லிப்ஸ்டிக்கைக் குடு. நகம் தேய்க்கிற அரம் வெச்சிருக்கியா?" என்றார்.

மனைவி பையைத் திறந்து இரண்டையும் எடுத்தாள். பெண்கள் கழிவறைக்குள் அம்மாளைக் கூட்டிப்போய், அவர் சொல்லிக்கொடுத்தபடி ஈற்றில் வலிக்கிற இடத்தில் லிப்ஸ்டிக்கைத் தொட்டு வைத்து, செட்டை மாட்டி, ஒருமுறை அழுத்திக் கழற்றி, காகிதக் கைக்குட்டையில் மூடி வெளியே கொண்டு வந்தாள். பின் ஓரத்தில் மிளகளவு சிவப்பு ஒட்டியிருந்தது. அந்த இடத்தைத்தான் தேய்க்க வேண்டும். வட்ட ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பல்லுக்காரர் நக அரத்தால் தேய்த்தார், விரலால் தடவினார், மறுபடி தேய்த்தார். யாராவது அந்தப் பக்கம் வந்தால் மனைவி முன்னால் போய் நின்று, "சூரியன் அந்தப் பக்கம் நல்லா தெரியுதாம்" என்று அனுப்பி வைத்தாள். மூன்று முறை உள்ளே போனது செட். மூன்றாவது முறை அது வெளியே வரவில்லை.

மேஜைக்குத் திரும்பினார்கள். "பத்து நிமிஷம்னு சொல்லிட்டு அரை மணி நேரம்! சூரியன் எப்படி இருந்துச்சு?" என்றார் சர்வேயர். அம்மாள் ரொட்டிக் கூடையில் கிளறி, இருப்பதிலேயே முறுகலான துண்டாகப் பார்த்து எடுத்து, சீஸில் ஆழ முக்கி, இடது பக்கம் போட்டு மென்றாள். முதலில் பயந்து பயந்து மென்றாள், அப்புறம் நன்றாக மென்றாள். நறுக் நறுக்கென்று சத்தம் கேட்டது. இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பல்லுக்காரர் தன் ரொட்டியைத் தொடாமல் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இந்தத் தடவை காலை மிதிக்கவில்லை.

கூடை காலியானதும் அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள்.

"இவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

புது மாப்பிள்ளை அல்லவா, மறுபேச்சு உண்டா? சர்வேயர் எழுந்து நின்று, மேஜைக்குக் குறுக்கே எட்டி, பல்லுக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எதுக்குன்னு தெரியல சார். ஆனா இவ இப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல. ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்."

பல்லுக்காரர் மேஜையிலிருந்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பரிமாறும் பையன் பதறிப்போய், சீஸ் சுட்டுவிட்டதோ என்று ஓடி வந்தான்.

"ஒண்ணுமில்லப்பா, நீ போ" என்றாள் மனைவி, கணவரின் முதுகைத் தடவிக்கொண்டே. "இவருக்கு இது முதல் தடவை."