துரையின் முன்னால் வாய் திறந்த நாள்

என்னை வேலையைவிட்டு நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளே, நீங்கள் அப்போது மிகச் சிறியவர்கள். ஆண்டவர் நமக்குச் செய்ததை நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

யுத்தம் நடந்த காலம் அது. மழை ஏமாற்றிய ஆடி மாதம். அரியலூருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழியில் எனக்கு வேலை. குழியை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரத் துரை. வெடி வைப்பவர் வடநாட்டுக்காரர். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படித்தவன் என்பதால், துரை சொல்வதை ஆட்களுக்கும் ஆட்கள் சொல்வதைத் துரைக்கும் சொல்ல என்னை வைத்திருந்தார்கள். உங்கள் அம்மா அதே குழியில் கல் சுமந்தாள்.

ஆனால் நான் பேசுவது துரைக்கு விளங்கவில்லை. மறுபடி சொல், மறுபடி சொல் என்பார். கடைசியில், அடுத்த மாதம் திருச்சியிலிருந்து வேறு ஆள் வருவான் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சிக் கோயிலுக்குப் போய் மாதாவின் முன்னால் அழுதேன். எனக்கு ஒரு நாவைக் கொடுங்கள் என்று கேட்டேன். பதில் திரும்பி வரும் வழியிலேயே வந்தது, உங்கள் அம்மாவின் வாயிலிருந்து.

"கோயில்ல அம்மாம் சத்தமாப் பாடுறீங்க. தொரகிட்ட மட்டும் ஏங்க வாயப் பொத்திக்கிறீங்க? சாமியவிட அவரு பெரிய ஆளா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் பண்ணையார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி, குனிந்து, கையால் வாயை மறைத்துப் பேசுவதுதான் மரியாதை. அப்பா அப்படித்தான் பேசினார், நானும் அப்படித்தான். அந்தக் கைக்குள்ளேயே என் இங்கிலீஷும் செத்துப்போய்க்கொண்டிருந்தது.

அன்று முதல் ஒரு பழக்கம் பிடித்தேன். காலையில் வேலைக்கு நடக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணில் பட்டதையெல்லாம் இங்கிலீஷில் உரக்கச் சொல்வேன். மரம், காக்கை, மாட்டுவண்டி, வெயில். சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் அன்று நடந்ததை ஆண்டவரிடம் இங்கிலீஷிலேயே சொல்வேன். தப்பும் தவறுமாகத்தான். அவர் சிரிக்கமாட்டார் என்ற தைரியம். உங்கள் அம்மாதான் சிரித்தாள். "மெதுவாங்க, பசு மெரண்டு பால் குடுக்காமப் போயிடும்" என்பாள். பிறகு அவளே பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றுக்கு என்ன, உப்புக்கு என்ன என்று கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் பேசப் பேச நாக்கு இளகியது. துரையின் முன்னால் மட்டும் கை தானாக வாய்க்குப் போனது.

மாதக் கடைசியில் ஒரு நாள், உச்சிப்பொழுதில் வெடி வைக்க ஏற்பாடு. ஆட்கள் எல்லாரும் மேலே ஏறிவிட்டார்கள். துரை மேட்டில் நின்று சிவப்புக் கொடியை உயர்த்தினார். கொடி இறங்கினால், குழியின் மறுகோடியில் காத்திருக்கும் வடநாட்டுக்காரர் திரிக்குத் தீ வைப்பார். அப்போதுதான் உங்கள் அம்மா மறுபடி குழிக்குள் ஓடுவதைப் பார்த்தேன். அவளோடு கல் சுமக்கும் காது கேளாத அஞ்சலை அக்கா, பாறை நிழலில் அயர்ந்து தூங்கியிருக்கிறார். அவரை எழுப்ப ஓடியிருக்கிறாள்.

மேலே இருந்த பெண்கள் தமிழில் கத்தினார்கள். வெடிக்கு முன்னால் தினமும் கேட்கிற கூச்சல்தானே, துரை திரும்பவில்லை. என் கை வாய்க்குப் போகவில்லை. நிமிர்ந்து நின்று, வயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஸ்டாப் சார்! டோன்ட் ஃபயர்! டூ விமன் இன்சைட்!"

துரை திரும்பினார். இறங்க இருந்த கொடி அப்படியே நின்றது. உங்கள் அம்மா அஞ்சலை அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தாள். நான் அங்கேயே மண்டிபோட்டேன். துரை வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். திருச்சி ஆள் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். வேலை இன்றுவரை இருக்கிறது. அதைவிட, உங்களுக்கு அம்மா இருக்கிறாள்.

ஆண்டவர் எனக்குப் புது நாவைக் கொடுக்கவில்லை. இருந்த நாவை அவர் முன்னால் தினமும் பழக்கவைத்தார். ஆகையால் பிள்ளைகளே, இன்று ஜெபம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு சங்கதியை இங்கிலீஷில் அவரிடம் சொல்லுங்கள். தப்பு வரும், எனக்கு இன்னும் வருகிறது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பி, நிமிர்ந்து உட்கார்ந்து, சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் அம்மா சொல்லட்டும்.