முழங்காலுக்கு நாங்கள் வைத்த பெயர்

என் தம்பி தயாபரன் எந்தக் கதிரையிலும் நேரே போய் இருக்கமாட்டான். முதலில் இரண்டு உள்ளங்கைகளாலும் அதன் விளிம்பைத் தடவுவான். ஆணி துருத்தியிருக்கிறதா, பலகை பிளந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் இருப்பான். சரவணைக் கூட்டுறவுச் சங்கக் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு வருடம். அங்கே மனேச்சராக இருக்கும் பரமலிங்கம் அண்ணை இன்றைக்கும், "தடவிப் பாக்கிறான், வாங்கப் போறான் போல" என்பார். "விலை சரிவந்தா உங்களையும் சேர்த்து வாங்குவன் அண்ணை" என்பான் இவன்.

அவனுக்குப் பிறப்பிலேயே இரத்தம் உறையாத நோய். ஹீமோபீலியா என்று பெயர். தாய்வழியில் வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற நோய். பெரியக்காவும் நானும் கலியாணத்துக்கு இருந்த வீட்டில் அம்மா இதை வெளியே விடுவாரா? இரத்தம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடவில்லை. மூட்டுக்குள் இரத்தம் கசிந்து முழங்கால் பனங்காய் அளவுக்கு ஊதினாலும், கேட்கிறவர்களுக்கு "பெடியனுக்கு வாதம்" என்பார். பெரியக்காவின் கலியாணம் அந்தச் சொல்லின் மறைவில்தான் நடந்தது. அம்மா போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை. "அக்கா, இண்டைக்கு வாதம்" என்றுதான் தயாபரனும் சொல்லுவான். ஐஸ் கட்டிக்கொண்டு இரண்டு நாள் படுப்பான். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனால் குலுக்கத்தில் இன்னும் ஊதும். இரத்தம் உறைய அங்கே போடுகிற ஊசியையும் அவனுடைய உடம்பு எதிர்க்கத் தொடங்கி நாலு வருடமாகிவிட்டது.

போன வருடம் டொக்டர் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் ஆய்வுகூடத்தில் இருந்த சிலர் பிரிந்துவந்து தொடங்கிய சின்னக் கம்பனி அதைச் செய்கிறதாம். பழைய ஊசியை உடம்பு ஏற்காதவர்களுக்கென்றே செய்வது, மாதம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டால் போதும். கொழும்பில் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். டொக்டர் இவனுடைய பெயரைக் கொடுத்தார்.

பங்குனியில் கம்பனிக்காக கஜனி என்ற பிள்ளை கொழும்பிலிருந்து போன் எடுத்தார். சத்தம் வெளியே கேட்கும்படி தயாபரன் போனை மேசையில் வைத்திருந்தான். நான் குசினி வாசலில் நின்றேன்.

"போன ஆறு மாசத்தில உங்களுக்கு எத்தனை தரம் இரத்தப்போக்கு வந்தது?"

தயாபரன் சிரித்துவிட்டான். "தங்கச்சி, அது பொம்பிளையளுக்கு வாறதெல்லோ."

அந்தப் பிள்ளைக்கும் கூச்சமாகிவிட்டது போல. "படிவத்தில அப்படித்தான் போட்டிருக்கு அண்ணா. சும்மா இரத்தம் போறது. அது எத்தனை தரம்?"

"ரெண்டு. பல்லுத் தீட்டேக்க முரசால ஒண்டு, சவரம் எடுக்கேக்க ஒண்டு."

நான் விரல்களில் எண்ணிக்கொண்டு நின்றேன். முழங்கால் ஏழு, முழங்கை இரண்டு. அதையும் தனியாகக் கேட்பார்கள், அப்போது சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. ஆறு தரத்துக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டுமாம். பெயர் எடுபடவில்லை.

தயாபரன் திரும்ப போன் எடுத்தபோது நான் அதை வாங்கினேன். "முழங்கால் மட்டும் ஏழு தரம் ஊதினது பிள்ளை. அதுவும் இரத்தந்தான்."

"அக்கா, அதைத்தானே கேட்டது. உள்ளுக்குக் கசியிறதுதான் முக்கியம்."

"அப்ப மாத்தி எழுதுங்கோவன்."

"சொன்னதை மாத்த ஏலாது அக்கா. ஆஸ்பத்திரிக் கொப்பியில பதிஞ்சிருந்தா காட்டலாம்."

கொப்பியில் ஒன்றும் இல்லை. ஊசி வேலை செய்யாமல் போன பிறகு வாதத்துக்கு நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதில்லையே.

"அம்மா நல்லாத்தான் ஒளிச்சவ" என்றான் தயாபரன். "என்னட்டையும் சேர்த்து ஒளிச்சுப்போட்டா."

எனக்குப் படிவம் எழுதியவர்மீது ஆத்திரம் வந்தது. செத்துப்போன அம்மாமீதும் வந்தது. குசினி வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான்தான் என்பதால் ஒருவரையும் ஏச முடியவில்லை. வைகாசிக்குள் பன்னிரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள்.

இப்போது எந்த மூட்டு ஊதினாலும் அன்றைக்கே பஸ் ஏறுகிறோம். மூட்டுக்குள் இரத்தம் என்று கொப்பியில் எழுதுவித்துக்கொண்டு வருகிறோம். பதினொரு பதிவு இருக்கிறது. இன்னொரு தரம் ஆள் எடுப்பார்களா என்று கேட்டால், முடிவாகவில்லை என்கிறார்கள். தயாபரனுக்கு முப்பத்தாறு வயது. வலது காலை அவனால் இனி நீட்ட ஏலாது.