லைன் சரியில்லையாம்

யுத்தம் முடிந்ததிலிருந்து கல்முனையில் இன்டர்நெட் கம்பனிகளுக்குள் ஒரே போட்டி. பழையதை நிறுத்திவிட்டு, காசும் குறைவு, வேகமும் கூட என்ற புதிய லைனை இன்று வீட்டுக்கு எடுத்தேன்.

"இனி வீடியோ இறுகி நிற்காது ராத்தா" என்றார் பொருத்த வந்தவர்.

அவர் போனதும் கட்டாரில் இருக்கும் கணவரை வீடியோவில் அழைத்தேன். சுனாமி கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கென்று போனவர். இவ்வளவு காலமும் அவருடைய முகம் எனக்குச் சதுரம் சதுரமாகத்தான் தெரியும். லைன் மாற்றியதை அவரிடம் சொல்லவில்லை.

இன்று கன்னம் ஒட்டிப்போயிருப்பது தெரிந்தது. புறங்கையில் ஊசி ஏற்றிய இடத்துப் பிளாஸ்டர் தெரிந்தது. பின்னால் தட்டு நிறைய மருந்து.

"கையில என்னங்க?"

"ஒண்டுமில்ல புள்ள, வேலையில கீறின."

"அந்த மருந்தெல்லாம் ஆருட?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"லைன் சரியில்ல புள்ள, நாளைக்கு எடுக்கன்" என்று வைத்துவிட்டார்.

படம் ஒருமுறைகூட இறுகவில்லை.

புதிய லைன் எப்படி என்று கேட்டவர்களுக்கு: நல்ல வேகம். எடுக்கப்போகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கும் ஆளிடம் முதலே சொல்லிவிடுங்கள். லைனைக் குறை சொல்லாமல் வேறு சாட்டுத் தேட அவருக்கும் நேரம் வேண்டுமே.