கள் குடியாதவன் மனைவி

குளுவாங் நகரை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளியில் நான் ஆசிரியனாக இருந்த ஆண்டுகளில், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததைக் காட்டிலும் பெரியவர்களுக்கு எழுதிக்கொடுத்ததே மிகுதி. ஊருக்குக் கடிதம், தோட்டத்துக் கணக்கரான கிராணியாருக்கு விண்ணப்பம், தொழிலாளர் சங்கத்துக்கு அறிக்கை எல்லாம் என் கையால்தான். நல்ல தமிழ் எழுதுகிறவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அப்பெயரை விரும்பினேன். வேற்றுச்சொல் கலவாமல் ஒரு பக்கம் எழுதி முடித்தால் அன்றைய பொழுது வீணாகவில்லை என்று எண்ணும் அளவுக்கு விரும்பினேன்.

தோட்டத்துத் தொழிலாளர்க்காக அரசினரிடம் பேசும் தலைவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வருவதாக இருந்தது. அவரிடம் கொடுப்பதற்கு ஒரு முறையீடு எழுதும்படி சங்கத்தார் என்னைக் கேட்டிருந்தனர். எழுதிக்கொண்டிருந்த ஒரு நண்பகலில், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெண் ஒருத்தி பள்ளி வாயிலில் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். அந்த வெயிலிலும் தோள்கள் மறையத் துணியை இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

“வாத்தியாரய்யா, தலைவருக்கு நீங்கதான் எழுதுறீங்களாமே. என்னையும் எழுதுங்க.”

“உன்னையா? என்னன்னு?”

“எம் புருசன் அடிக்கிறாரு. லயத்துல கோடி வீடு காலியாக் கெடக்கு. அத எம் பேருல குடுத்தாப் போதும். தனியா இருந்துக்குவேன்.”

“கங்காணிகிட்டச் சொன்னியா?”

“சொன்னேன். ‘புருசன் அடிக்காம அடுத்த லயத்துக்காரனா வந்து அடிப்பான்’னு சிரிச்சாரு.”

லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகள் யாவும் ஆண்கள் பெயரிலேயே பதிவாகியிருந்தன. ஒருத்தி கணவனை விட்டு விலகினால், படுக்க அவளுக்கு ஒரு சுவரும் இல்லை. அதனால் அவள் கேட்டது சிறிய பொருளன்று. முறையீட்டில் அதைத் தனிப்பத்தியாக எழுதினேன். ‘கணவன் அடிக்கு அஞ்சும் பெண்களுக்குத் தனி வீடு வழங்குக’ என்பதே அதன் கருத்து.

தலைவர் காலைப் புகைவண்டியில் வந்திறங்கினார். அவர் தீயவர் அல்லர். துரைமாருக்கு எதிரே அஞ்சாமல் பேசக்கூடியவர். தோட்டங்களில் அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டவர்கள் உண்டு. கடைத்தெரு மாடியில் கூட்டம் தொடங்குமுன் முறையீட்டை வாங்கிப் படித்தார். என் பத்தியில் விரலை வைத்தார்.

“எழுத்து நல்லாருக்கு வாத்தியாரே. ஆனா இந்தப் பத்தி வேண்டாம்.”

“அந்தப் பொண்ணு தானே வந்து கேட்டுது, ஐயா.”

“கேக்கட்டும். நாளைக்கு இத வெள்ளைக்காரன் படிப்பான். ‘பொண்டாட்டிய அடிக்கிற கூட்டத்துக்கு உரிமை ஒரு கேடா’ன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்றது? கள்ளுக்கடைப் பத்தின்னு ஒண்ணு இருக்குல்ல, அதுல சேர்த்துடுங்க. குடி போச்சுன்னா அடியும் போச்சு.”

அவள் கணவன் கள்ளைத் தொடாதவன் என்பது எனக்குத் தெரியும். தோட்டம் முழுவதற்கும் தெரியும். அதை நான் சொல்லவில்லை. ஓரமாக உட்கார்ந்து அப்பத்தியை அடித்துவிட்டு, கள்ளுக்கடையைப் பற்றிய பகுதியில் ஒரு வரியைச் சேர்த்தேன்: ‘கள்ளெனும் கொடுநஞ்சு கணவரைக் கெடுக்க, கண்ணீரே மகளிர்க்குக் கஞ்சியாகின்றது.’ ககரங்கள் வரிசையாய் வந்து நின்றன. தலைவர் படித்து இருமுறை தலையசைத்தார். எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

கூட்டத்தில் அவ்வரியை அவர் தம் கணீரென்ற குரலில் படித்தார். கைதட்டல் அடங்கியபோது, பின்வரிசையில் பெண்களின் நடுவே அவள் எழுந்து நின்றாள்.

“ஐயா, எம் வீட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க.”

“என்னம்மா?”

“கள்ளே தொடமாட்டாரு. தெளிவாத்தான் இருக்காரு. தெளிவா இருந்துதான் அடிக்கிறாரு.”

தலைவர் சிரித்தார்.

“குடிக்காமலே அடிக்கிறாரா? அப்போ கறியில உப்புக் கூடியிருக்கும், தங்கச்சி.”

“கறியில இல்லைங்கய்யா, வாயில கூடியிருக்கும்!” என்று முன்வரிசையிலிருந்து ஒருவன் கூவினான்.

மாடி அதிரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“சரி, குடிக்காத அந்த மனுசர் எங்கே? மேடைக்கு வரச் சொல்லுங்க. தோட்டத்துல இப்படி ஆயிரத்துல ஒருத்தரைப் பாக்கிறதே அருமை” என்றார் தலைவர்.

அவன் கூச்சத்தோடு வந்தான். ஒல்லியானவன், தலையை எண்ணெயிட்டு அழுந்த வாரியிருந்தான். தலைவர் தம் கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்கு அணிவித்தார். அவள் அப்போதும் நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்திலிருந்தவள் துணியைப் பற்றி இழுத்து உட்காரவைத்தாள்.

சில மாதங்கள் கழிந்து முறையீட்டுக்கு விடை வந்தது. சம்பள நாளன்று கள்ளுக்கடையை ஒரு மணி நேரம் முன்னதாக மூடுவார்களாம். சங்கத்தார் அதை வெற்றியென்று கொண்டாடி இனிப்பு வழங்கினர். அவள் பள்ளிக்கு வந்தாள்.

“எனக்கு என்னங்கய்யா போட்டிருக்கு?”

“ஒண்ணும் போடலம்மா.”

“கடைய முன்னாடி மூடுறாங்க. அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்ப அவரக் குடிக்கச் சொல்லணுமா? குடிச்சாத்தான் உங்க தலைவருக்குக் காது கேக்கும்னா, நானே வாங்கியாந்து ஊத்துறேன்.” வாயில்வரை போய்த் திரும்பினாள். “மாலை போட்ட நாள்லேருந்து, ‘ஆயிரத்துல ஒருத்தனப் பத்தியாடி எழுதிக் குடுத்தே’ன்னு சொல்லிச் சொல்லி அடிக்கிறாரு.”

இன்னொரு முறையீடு எழுதித் தருவதாகச் சொன்னேன். வேண்டாமென்று போய்விட்டாள். பின்வந்த ஆண்டுகளில் வேறு தலைவர்கள் பலர் வந்தனர். அவர்களுக்கும் நானே எழுதினேன். கல்வி பரவினால் இந்தக் கொடுமை நீங்கும் என்றார் ஒருவர். நாட்டுக்கு விடுதலை வரட்டும், வீட்டுப் பூசல்களைப் பிறகு பார்க்கலாம் என்றார் இன்னொருவர். பெண்களே பொறுமையில் குறைந்துவிட்டனர் என்று வருந்தியவரும் உண்டு. பெண்ணை அடிப்பது நன்று என எவரும் சொன்னதில்லை. அடியைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒவ்வொருவரும் வேறெதையோ பேசி முடித்தனர். அவர்தம் சொற்களைத் திருத்தித் திருத்தி எனக்குக் கை சலித்துவிட்டது.

அவளுக்கு வீடு கிடைத்தது வேறு வழியில். முறையீட்டுக்கு விடை வந்த ஆண்டின் மழைக்காலத்துக்குப் பின் அவளுடைய வரிசை மரங்களில் காயம் மிகுந்திருந்தது. வெட்டுக்கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கிவிட்டால், தோட்டத்தார் அதைக் காயம் என்பார்கள்; பட்டை பிறகு ஒழுங்காக வளராது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை மரம் மரமாக நின்று காயங்களைத் தாமே பார்ப்பவர். நன்றாக வெட்டுகிறவள் ஏன் இப்படிக் கெடுக்கிறாள் என்று அவர் கேட்க, அவள் வலக்கையை நீட்டியிருக்கிறாள். மணிக்கட்டு வீங்கித் திரும்பாமல் இருந்தது. கங்காணி என்னிடம் வந்து சொன்னார்.

“தொரைக்குக் கோவம்னா கோவம். ‘நல்ல வெட்டுக்காரி கை போனா என் மரம் போச்சு’ன்னு கத்துறாரு. பிள்ளைங்களப் பாத்துக்கிற ஆயாக் கொட்டகைப் பக்கத்துல பழைய சாமான் அறை இருக்குல்ல, அத அவ பேருல எழுதச் சொல்லிட்டாரு. புருசனையும் கூப்பிட்டு மெரட்டியாச்சு.”

அன்று மாலையே போய்ப் பார்த்தேன். அறையைக் கூட்டி முடித்துக் கதவருகே நின்றிருந்தாள். கைக்குக் கட்டுப் போட்டிருந்தது.

“நல்லதாப் போச்சும்மா. தலைவருக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா, உனக்கு வீடு கிடைச்சிருச்சுன்னு?”

“எழுத வேணாங்கய்யா.” கதவைத் தட்டிக் காட்டினாள். “சாமான் அறைங்கிறதால வெளிப்பக்கம்தான் பூட்டு. உள்பக்கம் தாழ்ப்பா இல்ல. ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

மறுநாள் குளுவாங்குக்குப் போய் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிவந்தேன். எனக்குத் தச்சுவேலை தெரியாது. முதல் திருகாணி கோணலாக இறங்கியது. பிடுங்கி மறுபடியும் இறக்கினேன். அவள் இடக்கையால் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தாழ் விழும் ஓசை கேட்டது.

“தள்ளிப் பாருங்கய்யா.”

கையால் தள்ளினேன்.

“அப்படி இல்ல. பலமாத் தள்ளுங்க.”

தோளைக் கொடுத்து, உடலின் கனம் முழுவதும் அதன்மேல் விழும்படி தள்ளினேன். கதவு அதிர்ந்தது; திறக்கவில்லை. மறுபடியும் தள்ளச் சொன்னாள். தள்ளினேன்.

“சரி, போங்கய்யா” என்றாள் உள்ளிருந்து.