அவருக்குக் கொடுத்த மருந்து

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன், ஐந்தாவது வரைதான் படிப்பு. முன்பின் மறந்தும் போகிறது... பொறுத்துக்கொள்ளுங்கள். சிகரெட்டை விடுவதற்கென்று என் கணவருக்கு அரசாங்கம் கொடுத்த மருந்தை நான் திருடித் தின்றேன்.

அவர் ராணுவப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புனேயில், வானவடியில் இருந்தோம். இரண்டாயிரம் பிறந்த புதிது. அரசாங்க மருத்துவ அட்டையைக் காட்டினால், சிகரெட் ஆசையை அடக்கும் ஒரு சூயிங்கத்தை டிஸ்பென்சரியில் இலவசமாகக் கொடுத்தார்கள். அதிலும் கொஞ்சம் புகையிலைச் சத்து இருக்கிறதாம்.

டாக்டரம்மா தமிழ்ப் பெண். "வீட்ல வேற யாருக்காச்சும் புகையிலைப் பழக்கம் உண்டாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"இவளா? இவளுக்குக் காபியே ரெண்டு வாய்க்கு மேல எறங்காது," என்று அவர் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு மிஷ்ரிப் பழக்கம் இருந்தது. புகையிலையைக் கருக வறுத்துப் பொடித்துப் பல்லில் தேய்ப்பது. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் தேய்ப்பார்கள். பல்வலிக்கென்று பக்கத்து வீட்டு மராத்திக்காரி கொடுத்தாள்... வலி போனது, பொடி போகவில்லை. பல்பொடிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் அரிசி டின்னுக்குப் பின்னால் ஏன் ஒளித்து வைத்தேன்?

மழைக்காலத்தில் ஒருநாள் பொடி தீர்ந்துவிட்டது. கொட்டுகிற மழையில் கடைக்குப் போக முடியவில்லை. அவருடைய சூயிங்கத்தில் ஒன்றை எடுத்து மென்றேன்... ஆசை அடங்கியது. வாசனை இல்லை, பல்லும் கறுக்கவில்லை. அதன்பின் தினமும் எடுத்தேன்.

மாதம் முடியுமுன்பே அவர் மருந்து தீர்ந்தது. அட்டைக்கு இவ்வளவுதான், அடுத்த மாதம் வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"மிட்டாய் மாதிரி மென்னு தீத்துட்டீங்களாப்பா? சர்க்கார் சும்மா குடுக்குதுன்னா இப்படியா?" என்றான் மகன்.

"நாந்தான்டா... நெனப்பில்லாம வாயில போட்டிருக்கேன் போல."

அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாய்க்குள் அவருடைய மருந்தோடு.

மறுநாள் பால்கனியில் சிகரெட் பற்றவைத்தார். அப்புறம் விடவே இல்லை. கடைசியில் மூச்சுத் திணறிக் கிடந்தபோதும், "எனக்கு மனசுல உறுதி பத்தல, நீ என்ன செய்வ," என்று என்னைத் தேற்றினார். அப்போதாவது சொல்லியிருக்கலாமே... சொல்லவில்லை. கால்தான் பிடித்துவிட்டேன்.

அந்த அட்டையில் மனைவி என்று என் பெயரும் இருந்தது. வாயைத் திறந்து கேட்டிருந்தால், மிஷ்ரியை விடுவதற்கு எனக்கும் தனியாக மருந்து கொடுத்திருப்பார்களா? இல்லை, சிகரெட்டுக்கு மட்டும்தானா? அந்தக் காலத்து விதி தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துச் சொல்லுங்கள். கொடுத்திருப்பார்கள் என்றால், அதையும் மறைக்காதீர்கள்.